கோணம் பிசகாத ரம்பம்



வீட்டிலேயே சிறு தச்சுவேலை செய்து பார்க்கும் ஆர்வம் நம்மவரிடையே நிறையவே இருக்கிறது. பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்க ஓர் அலமாரி, சாமி படங்களை வைக்க ஒரு மாடம், தாத்தா பாட்டியின் திருமணப் படத்துக்கு ஒரு சட்டம், வாசலில் உட்கார ஒரு பெஞ்சு என்று தோட்டத்தில் இருப்போரும் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தோரும் தாமே செய்துகொள்ள விரும்புகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் சிலர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கருவிகள் வாங்கி, இதையே ஒரு சிறு வருமானத்துக்கு வழியாக்கிக்கொள்ளவும் எண்ணுகிறார்கள்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் கருவிக் கடைக்குள் நுழைந்ததும் பலருக்கு மயக்கம் ஏற்பட்டுவிடுகிறது. சில நூறு வெள்ளி முதல் சில ஆயிரம் வெள்ளி வரை வரிசையாக ரம்ப இயந்திரங்கள் நிற்கின்றன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒன்றில் சிவப்பு ஒளிக்கோடு தெரிகிறது, இன்னொன்று முன்னும் பின்னும் ஓடுகிறது. எதை வாங்குவது? உழைத்துச் சேர்த்த பணம் ஒரு பக்கம். உழைத்த கைவிரல்கள் மறுபக்கம். இரண்டையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் கடைக்குப் போகுமுன் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே இன்றைய பேச்சில் மைட்டர் ரம்பம் எனப்படும் கோணரம்பத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று காண்போம்.

முதலில், கோணரம்பம் என்றால் என்ன? படச் சட்டம் ஒன்றின் மூலையைப் பாருங்கள். இரண்டு கட்டைகளும் சாய்வாக வெட்டப்பட்டு ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். இந்தச் சாய்வான பொருத்துக்கு மைட்டர் மூட்டு என்று பெயர். அந்தச் சாய்வை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக வெட்டித் தருவதே கோணரம்பத்தின் வேலை. அடியில் ஒரு மேடை. அதில் பாகைக் குறிகள். மேடையின் பின்புறம் கட்டை சாய்ந்து நிற்பதற்கு ஒரு முட்டு. மேலே ஒரு கை. அதில் சுழலும் வட்ட பிளேடு. மேடையைத் தேவையான கோணத்துக்குத் திருப்பிப் பூட்டிவிட்டு, கையைக் கீழே இறக்கினால் பிளேடு கட்டையைக் குறுக்காக வெட்டும்.

குறுக்காக என்று சொன்னேன். இது முக்கியம். கோணரம்பம் கட்டையைக் குறுக்கே துண்டிப்பதற்கே உரியது. ஒரு பலகையை நீளவாக்கில் கிழிப்பதற்கோ, நாலடிக்கு எட்டடி ஒட்டுப்பலகையை அறுப்பதற்கோ அது உதவாது. உங்கள் வேலை பெரும்பாலும் அதுதான் என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இயந்திரம். பெட்டியைப் பிரித்த பிறகு இதை அறிந்து பயனில்லை.

இனி, கோணக் கணக்கைச் சிறிது பார்ப்போம். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய கணக்குத்தான். 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், பக்கங்களும் மூலைகளும் சமமாக உள்ள உருவத்துக்கு ரம்பத்தை எத்தனை பாகையில் வைப்பது என்பது கிடைத்துவிடும். நான்கு மூலைச் சட்டத்துக்கு 180-ஐ 4-ஆல் வகுக்க 45 பாகை. பக்கங்கள் நீளத்தில் வேறுபட்ட செவ்வகச் சட்டத்துக்கும் அதே 45 பாகைதான். அறுகோணத் தட்டுக்கு 30 பாகை. எட்டுப் பக்கம் உள்ள கடிகாரச் சட்டத்துக்கு 22½ பாகை. முக்கோணத்துக்கு மட்டும் 60 பாகை வேண்டும். பல ரம்பங்கள் 45 அல்லது 50 பாகைக்குச் சற்று மேலே நின்றுவிடும். முக்கோணம் செய்ய விரும்புவோர் வாங்குமுன் இதைக் கேட்டறிய வேண்டும்.

சுவர் மூலைக்குக் கட்டை பதிப்பதானால் கணக்கு சற்று மாறும். பழைய வீடுகளில் எல்லா மூலையும் சரியாக 90 பாகையாக இருப்பதில்லை. மூலையை அளந்து, அதில் பாதியை 90-லிருந்து கழியுங்கள். மூலை 92 பாகை என்றால் பாதி 46. 90-லிருந்து 46 போக 44. ரம்பத்தை 44 பாகையில் வைத்தால் இரண்டு கட்டைகளும் ஒழுங்காகக் கூடும்.

இப்பொழுது இந்தப் பேச்சின் உயிர்நிலைக்கு வருகிறோம். ரம்பம் அரைப் பாகை பிசகினால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நான்கு பக்கச் சட்டத்தில் நான்கு கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள். ஆக 8 வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரே பக்கமாக அரைப் பாகை பிசகினால் மொத்தம் 4 பாகை. மூன்று மூலைகளை இறுக்கி ஒட்டிவிட்டு நான்காவது மூலைக்கு வரும்போது அந்த 4 பாகையும் அங்கே வாயைப் பிளந்து நிற்கும். கட்டையின் அகலம் 50 மில்லிமீட்டர் என்றால் அந்த இடைவெளி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். பென்சில் நுழையாவிட்டாலும் பென்சில் முனை தாராளமாக நுழையும். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைக்கலாம். ஆனால் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஆகவே, நேயர்களே, கோணரம்பத்தின் மதிப்பு அதன் மோட்டாரின் பலத்தில் இல்லை. அது கோணத்தைப் பிசகாமல் பிடித்து நிற்பதில் இருக்கிறது. இந்த ஒன்றை நினைவில் இருத்திக்கொண்டால் கடையில் யாரும் உங்களை மயக்க முடியாது.

அடுத்து, உங்களுக்கு மின்ரம்பம் தேவைதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று படச் சட்டம் செய்பவருக்குக் கைரம்பமும் மைட்டர் பெட்டியுமே போதும். மைட்டர் பெட்டி என்பது மேலே திறந்த ஒரு தொட்டி போன்றது. 45 பாகையிலும் 90 பாகையிலும் அதன் இரு சுவர்களிலும் பிளவுகள் இருக்கும். கட்டையை உள்ளே வைத்து, பிளவின் வழியாக, முதுகில் பட்டை பதித்த சிறு பல் ரம்பத்தை இழுத்து அறுக்கலாம். மின்ரம்பத்தின் விலையில் இது ஒரு சிறு பங்குதான். மின்சாரம் வேண்டாம், காதைத் துளைக்கும் சத்தம் இல்லை. அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போருக்கு இது அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தையும் காப்பாற்றித் தரும். ஒரு குறை உண்டு: நாளடைவில் பிளவுகள் தேய்ந்து அகன்றுவிடும், அப்பொழுது கோணமும் தளர்ந்துவிடும். பெட்டியை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

வேலை அதிகம், மின்ரம்பம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, மேடை மட்டும் இடமும் வலமும் திரும்புவது. இரண்டாம் வகை, மேடை திரும்புவதோடு பிளேடும் பக்கவாட்டில் சாய்வது. பெட்டியின் மூலைகளைச் சாய்வாகக் கூட்டுவதற்கு இது உதவும். இக்காலத்தில் கடையில் பெரும்பாலும் கிடைப்பது இவ்வகையே. சிலவற்றில் பிளேடு ஒரு பக்கம் மட்டும் சாயும். விலை கூடியவற்றில் இரு பக்கமும் சாயும். வீட்டு வேலைக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். மறுபக்கம் வேண்டுமானால் கட்டையைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் வகை, பிளேடு தண்டவாளம் போன்ற கம்பிகளில் முன்னும் பின்னும் ஓடுவது. அகலமான பலகைகளை வெட்ட இது உதவும்.

எவ்வளவு அகலம் என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 10 அங்குலப் பிளேடு என்றால் 10 அங்குலப் பலகையை வெட்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல. பிளேடின் நடுப்பகுதியை இருசும் வளையமும் பிடித்துக்கொள்கின்றன. ஓடாத வகையில் 10 அங்குலப் பிளேடு நேராக வெட்டக்கூடிய அகலம் ஏறக்குறைய 5 அங்குலந்தான். அதையே 45 பாகைக்குத் திருப்பினால் அகலம் இன்னும் குறையும். பலகையைச் சாய்வாக வெட்டும்போது வெட்டின் நீளம் கூடிவிடுகிறதல்லவா? கணக்குப்படி ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கே மிஞ்சும். நேராக 5 அங்குலம் வெட்டும் ரம்பம் 45 பாகையில் 3½ அங்குலத்தையே வெட்டும். 4 அங்குலச் சட்டத்தைச் சாய்வாக வெட்ட அதனால் முடியாது. ஓடும் வகை நேராக 12 அங்குலம் வெட்டினால், 45 பாகையில் 8½ அங்குலம் வெட்டும். ஆகவே கடையில் பிளேடின் அளவைக் கேளாதீர்கள். 45 பாகையில் எவ்வளவு அகலம் வெட்டும் என்று கேளுங்கள். பெட்டியின் மேலேயோ கையேட்டிலேயோ அந்த அளவு அச்சிடப்பட்டிருக்கும்.

அண்ணன், தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் 2 அங்குலக் கட்டையில் படச் சட்டம் செய்து விற்கிறார். தம்பி 9 அங்குலப் பலகையில் புத்தக அலமாரி செய்கிறார். தட்டுகளை நேராகத் துண்டிப்பதே அவருக்கு வேலை. அண்ணனுக்கு ஓடாத 10 அங்குல ரம்பமே நல்லது. ஓடும் கம்பிகள் இல்லாததால் அசைவதற்கு உறுப்புகள் குறைவு, கோணம் நிலைத்து நிற்கும், விலையும் குறைவு. தம்பிக்கு ஓடும் வகை வேண்டும். ஆனால் சில ரம்பங்களில் கம்பிகள் பின்புறம் நீண்டு வருவதால், சுவரிலிருந்து தள்ளி வைக்க இடம் வேண்டும் என்பதை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவரில் யாருக்கும் 12 அங்குலப் பிளேடு தேவையில்லை. பிளேடு பெரிதாகப் பெரிதாக விலை கூடும். தகடு சற்று நெளியவும் கூடும். பெரியது என்பதனால் மட்டும் சரியானது ஆகிவிடாது.

வகையைத் தீர்மானித்த பிறகு, கடையில் நான்கு சோதனைகள் செய்யுங்கள். மின்இணைப்பு இல்லாமலே செய்யலாம். முதலாவது, கையைக் கீழே இறக்கிப் பிடியை மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வேண்டாம். இரண்டாவது, மேடையை 45 பாகைக்குத் திருப்புங்கள். குறியின் பள்ளத்தில் ‘டக்’கென்று விழுந்து அசையாமல் நிற்க வேண்டும். மூன்றாவது, முட்டின் மேல் ஓர் இரும்பு அடிக்கோலை வைத்துப் பாருங்கள். பிளேடின் இரு பக்கமும் உள்ள முட்டுகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வெளிச்சம் புகுந்தால் முட்டு கோணல். நான்காவது, மூலைமட்டத்தை முட்டிலும் பிளேடிலும் சேர்த்து வையுங்கள். மட்டம் பிளேடின் தகட்டில் படவேண்டுமே தவிர, பல்லின் மேல் படக்கூடாது. சிறு பிசகு இருந்தால் திருகைத் தளர்த்திச் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் குற்றமில்லை.

வீட்டுக்கு வந்த பின் இன்னொரு சோதனை. இரு விளிம்பும் நேரான ஒரு பலகையை நேராகத் துண்டியுங்கள். ஒரு துண்டை மட்டும் குப்புறக் கவிழ்த்து, இரண்டையும் ஒரு நேர்ச்சட்டத்தோடு சேர்த்து, வெட்டிய முனைகளை ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். இடைவெளி தெரியாவிட்டால் ரம்பம் சரி. தெரிந்தால், உண்மையான பிசகைப் போல் இரண்டு மடங்காக அது தெரியும். சிறு குற்றத்தையும் பெரிதாக்கிக் காட்டும் எளிய சோதனை இது. ஒளிக்கோடு இதைச் சொல்லாது. அந்தக் கோடு எங்கே வெட்டு விழும் என்று காட்டுவதற்கே. கோணம் சரியா என்பதை அது அறியாது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டு வீடுகளில் மின்னழுத்தம் 230 முதல் 240 வோல்ட். அமெரிக்காவிலிருந்து அஞ்சலில் வரவழைக்கும் 120 வோல்ட் இயந்திரத்தை இங்கே நேராகச் செருகினால் மோட்டார் கருகிப் போகும். விலை மலிவு என்று இதில் இறங்க வேண்டாம். வீட்டு வேலைக்கு உரிய ரம்பங்கள் பெரும்பாலும் 1400 முதல் 1800 வாட் வரை இழுப்பவை. 1800 வாட் என்றாலும் 8 ஆம்பியருக்குள்தான். 13 ஆம்பியர் செருகி தாங்கும். நீட்டுக் கம்பி பயன்படுத்தினால் தடித்த கம்பியாக இருக்கட்டும். உருளையில் சுற்றியபடியே விடாமல் முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுற்றிய கம்பி சூடேறி உருகிவிடக்கூடும்.

பிளேடைப் பற்றிப் பேசாமல் ரம்பத்தைப் பற்றிப் பேச முடியாது. யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா? இயந்திரத்தோடு வரும் பிளேடு பெரும்பாலும் முரட்டு வேலைக்கானது. 10 அங்குலப் பிளேடில் 24 முதல் 40 பற்கள் இருந்தால் வெட்டு வேகமாக இருக்கும்; முனை சொரசொரப்பாக வரும். 60 முதல் 80 பற்கள் இருந்தால் மெதுவாக வெட்டும். முனை வழவழப்பாக வரும். சட்டம் செய்வோருக்கு இரண்டாவதே ஏற்றது. பற்கள் முன்னோக்கி அதிகம் சாய்ந்திருக்கும் பிளேடு கட்டையைக் கவ்வி இழுக்கும். ஓடும் ரம்பத்தில் அது ஆளை நோக்கிப் பாயும். ஆதலால் சாய்வு மிகக் குறைந்த அல்லது பின்னோக்கிச் சாய்ந்த பற்களையே கோணரம்பத்துக்குக் கேட்டு வாங்க வேண்டும். நடுத்துளையின் அளவையும் பாருங்கள், 25.4 மில்லிமீட்டரும் உண்டு, 30 மில்லிமீட்டரும் உண்டு. பிளேடில் பொறித்துள்ள உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறைவாக இருக்கக்கூடாது.

நம் நாட்டு மரங்களை எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் பால் வெட்டிய ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்து வெட்டப்படும். ஒரு காலத்தில் அது விறகாகவும், புகைக்கூடத்துக்கு எரிபொருளாகவும் போயிற்று. 1980-களிலிருந்து அதுவே மேசையாகவும் நாற்காலியாகவும் வெளிநாடுகளுக்குப் போகிறது. ஜொகூரிலுள்ள மூவார் நகரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. ரப்பர்ப் பலகை வெளிர் நிறம், நடுத்தரக் கனம். கூரிய பிளேடுக்கு அழகாக வெட்டுப்படும். மழுங்கிய பிளேடானால் முனை கருகும். ஆனால் பச்சை மரத்தை அப்படியே பயன்படுத்தக் கூடாது. வெட்டிய சில நாட்களிலேயே நீலக் கறை பிடிக்கும், வண்டு துளைக்கும். போராக்ஸ் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

உலர்த்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரக் கட்டை உலரும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. அதனால் சரியாக வெட்டி ஒட்டிய மூலையும் சில வாரங்களில் உட்பக்கமாக விரிந்துவிடும். குற்றம் ரம்பத்தினுடையது அன்று, ஈரத்தினுடையது. செங்கால் போன்ற வன்மரத்தை வெட்டும்போது கையை மெதுவாக இறக்க வேண்டும். பழைய லயத்து வீட்டுப் பலகைகளை வெட்டுவதானால், ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, காந்தம் ஒன்றைத் தடவிப் பார்த்த பிறகே ரம்பத்தில் வையுங்கள். மறைந்திருக்கும் ஓர் ஆணி பிளேடின் பற்களைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த பல் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, ஆனால் எல்லாவற்றிலும் பெரிதாக, கைவிரல்கள். 10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4800 முறை சுழல்கிறது என்றால் பல்லின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஓடும் காரின் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வேகத்தின் முன் நம் கண்ணும் கையும் விலகுவதற்கு நேரம் கிடையாது. ஆகவே பின்வரும் ஒழுங்குகளை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கையைப் பிளேடிலிருந்து குறைந்தது 6 அங்குலம் தள்ளி வையுங்கள். குட்டையான துண்டுகளைக் கையால் பிடிக்காமல் கிளாம்பு போட்டு இறுக்குங்கள். கட்டை எப்பொழுதும் முட்டோடு ஒட்டி நிற்கட்டும். முட்டில்லாமல் வெறுங்கையில் பிடித்து வெட்டக் கூடாது. வளைந்த பலகையானால் புடைத்த பக்கம் முட்டைத் தொடட்டும். இடக்கையை வலப்பக்கமும் வலக்கையை இடப்பக்கமும் குறுக்கே நீட்டாதீர்கள். வெட்டி முடிந்ததும் விசையை விட்டு, பிளேடு முழுவதும் நின்ற பிறகே கையை மேலே தூக்குங்கள். ஓடும் ரம்பத்தில் முதலில் முன்னே இழுத்து, கீழே இறக்கி, பிறகு பின்னே தள்ளி வெட்ட வேண்டும். தம்மை நோக்கி இழுத்து வெட்டக் கூடாது. கையுறை அணிய வேண்டாம்; நூல் ஒன்று பல்லில் சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும். தொங்கும் சட்டைக் கை, கழுத்துத் துண்டு, தளர்ந்த சாரோங் எதுவும் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடியும், காதுக்கு அடைப்பும், மூக்குக்கு முகமூடியும் அவசியம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் அறிவித்தது. இயந்திரத்தோடு வரும் தூள்பை எல்லாத் தூளையும் பிடித்துவிடாது. ஆதலால் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பிளேடை மாற்றும்போதும் துடைக்கும்போதும் செருகியைப் பிடுங்கிவிட்டே தொடுங்கள். குழந்தைகள் நடமாடும் வீடானால், வேலை முடிந்ததும் கையைக் கீழே இறக்கிப் பூட்டிவிடுவது பெற்றோரின் கடமை.

பிளேடின் மேல் மூடியிருக்கும் காப்பு, கை இறங்கும்போது தானே விலகி, ஏறும்போது தானே மூட வேண்டும். பார்வையை மறைக்கிறது என்று சிலர் அதைக் கழற்றியோ கயிற்றால் கட்டியோ விடுகிறார்கள். அப்படி விட்ட ரம்பத்தை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். அந்த மலிவுக்கு நாம் கொடுக்க நேரும் விலை மிகப் பெரிது.

ஆகவே நேயர்களே, தேர்வின் வரிசை இதுதான். முதலில் நீங்கள் செய்யப்போகும் வேலை என்ன என்று தாளில் எழுதுங்கள். அடுத்து, வெட்ட வேண்டிய கட்டையின் அகலத்தையும் கோணத்தையும் எழுதுங்கள். அதற்குப் பொருந்தும் வகையைத் தீர்மானியுங்கள். கடையில் முட்டையும் பள்ளத்தையும் காப்பையும் சோதியுங்கள். நல்ல பிளேடுக்கும் கண்ணாடிக்கும் கிளாம்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். இத்தனையும் முடிந்த பிறகு விலையைப் பேசுங்கள். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைபவர், தமக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வெளியே வருவார். வேண்டாததைக் கடையிலேயே விட்டுவருவார்.

மூலை பொருந்திய சட்டத்தில் பெற்றோர் படத்தை மாட்டிப் பார்க்கும் மகிழ்ச்சி, கடையில் வாங்கிய சட்டத்தால் கிடைப்பதில்லை. அந்த மகிழ்ச்சி உங்கள் இல்லத்துக்கு, பத்து விரலும் பத்திரமாக, வந்து சேரட்டும்.